தண்ணீர் தேடும் பூங்கா

பூங்கா என்னும் அழகிய சொல்லை ஆக்கிய தமிழர் நெடுந்தீவின் தென்புறத்தைக் கண்டு அதனை ஆக்கினாரல்லர். அங்கே கண்ணுக்கெட்டிய தூரம் தட்டையான கல்நிலம். அதன்மேற் காற்றுக்கு முதுகு வளைந்து நிற்கும் முட்பற்றைகள். இடையிடையே எருக்கும் ஈச்சும் தாழையும். எட்டத்தே தனித்தனியாகப் பனைகள். ஆவணி மாதத்திற் சென்று பார்ப்போர்க்குப் பச்சையென்று சொல்லத்தக்கது பெரும்பாலும் கடல்நீரின் பச்சையே. ஆயினும் 2015ஆம் ஆண்டு யூன் 22ஆம் நாள் முதற்கொண்டு சட்டத்தின் கண்ணிலே இந்நிலம் ஒரு தேசியப் பூங்கா. பரப்பு ஏறத்தாழ 1,846 ஹெக்டேயர். தீவின் மூன்றிலொரு பங்குக்கும் மேல். யாலையும் வில்பத்துவும் 1938இலே பெற்ற பட்டத்தை, சுண்டிக்குளம், ஆதாம் பாலம், மடுவீதி என்னும் மூன்று இடங்களோடு சேர்ந்து, நெடுந்தீவும் அன்று பெற்றது.

யானை உண்டோ, கரடி உண்டோ, சிறுத்தை உண்டோ என்று கேட்போருக்கு நாம் தரக்கூடிய விடை ஒன்றே: குதிரை உண்டு. அவையும் இம்மண்ணிலே தோன்றிய விலங்குகள் அல்ல. கப்பலேறி வந்து, எசமானரை இழந்து, தலைமுறை தலைமுறையாகத் தாமே தம்மைக் காத்துவரும் கட்டாக்காலிக் குதிரைகள். முட்பற்றையும் அந்நியக் குதிரையும் சேர்ந்த ஓரிடத்தைக் காப்பதற்கு வர்த்தமானி அறிவித்தல் எதற்கு என்று வியப்போரை நாம் பலமுறை கண்டிருக்கிறோம். அவ்வியப்பு நியாயமானதே. அதற்கு விடை தேடினால் ஒரு தீவின் தண்ணீர்க் கணக்கிலே போய் முடியும்.

முதலில் வழியைச் சொல்லிவிடுவோம். யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைத் தாம்போதியைக் கடந்து, வேலணையூடாகச் சென்று, வாணர் தாம்போதியாற் புங்குடுதீவை அடைந்து, அதன் கோடியிலுள்ள குறிகட்டுவான் இறங்குதுறையில் நின்றால் இரண்டு வகைப் பயணிகளைக் காணலாம். ஒரு சாரார் நயினாதீவுக்குப் போகும் அடியார்கள். அர்ச்சனைத் தட்டும் மலர்மாலையுமாக ஏறிக் கால்மணி நேரத்தில் நாகபூசணி அம்மன் கோபுரத்தின் எதிரே இறங்கிவிடுவார்கள். மற்றச் சாரார் அரிசி மூட்டை, மண்ணெண்ணெய்க் கலன், துவிச்சக்கர வண்டி இவற்றோடு நெடுந்தீவுப் படகுக்குக் காத்திருப்பவர்கள். அவர்களுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரக் கடல். சோளகம் வீசும் மாதங்களில் அந்த ஒரு மணி நேரம் எவ்வளவு நீளமானது என்பதைக் குமுதினிப் படகில் ஏறியவர் அறிவர்.

பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒல்லாந்தர் தம் நாட்டு நகரங்களின் பெயர்களை இத்தீவுகளுக்குச் சூட்டி மகிழ்ந்தனர். காரைதீவு அம்ஸ்ரர்டாம் ஆயிற்று. வேலணை லைடன் ஆயிற்று. நயினாதீவு ஹார்லெம் ஆயிற்று. அப்பெயர்கள் மக்கள் வாயிலிருந்து மறைந்தன. நெடுந்தீவு ஒன்றே இன்றும் அரச பதிவேடுகளில் டெல்ப்ட் என்று வழங்குகின்றது. அவர்களுக்கு முன்வந்த போர்த்துக்கேயர் தம் மொழியிலே இதனைப் பசுக்களின் தீவு என்று அழைத்தனர். குதிரைக்கு முன்னரே இங்கு மேய்ச்சலுக்குப் பெயர் இருந்தது என்பதை அந்தப் பெயரிலிருந்து உய்த்துணரலாம்.

நெடுந்தீவிலே ஆறு இல்லை, மலை இல்லை, மேட்டு நிலமென்று சொல்லத்தக்கதும் இல்லை. சுண்ணக்கல்லும் முருகைக்கல்லும் கடலிலிருந்து சிறிதே தலைதூக்கி நிற்பதுதான் தீவு. அதன் மேலே மெல்லிய மண். யாழ்ப்பாணத்தின் பிற ஊர்களிலே கிடுகு வேலியும் பனையோலை வேலியும் கதியாலுமாக இருக்கும் இடத்தில், இங்கே முருகைக்கற்களைச் சாந்தின்றி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கல்வேலிகள் காணிக்குக் காணி ஓடுகின்றன. நிலத்தைப் பண்படுத்தும்போது கிளம்பிய கல்லே வேலியுமாயிற்று. காற்றை ஓரளவு புகவிட்டு ஓரளவு தடுக்கும் இவ்வேலிகளின் அருமையை, சோளகக் காலத்தில் அவற்றின் மறைவிலே நிற்கும் ஒரு மாட்டைப் பார்த்தால் உணரலாம்.

மழை வாடைக்காற்றோடு வரும். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களில் பெய்வதே பெரும்பகுதி. அம்மழைநீர் கல்லின் நுண்துளைகளூடே இறங்கி நிலத்துக்கடியிற் சேர்கின்றது. அங்கே ஏற்கனவே ஊறியிருப்பது கடல்நீர். நன்னீர் உப்புநீரிலும் பாரங் குறைந்தது. ஆகையால் எண்ணெய் நீரின்மேல் மிதப்பதுபோல, மழைநீர் கடல்நீரின்மேல் நடுவில் தடித்தும் ஓரங்களில் மெலிந்தும் ஒரு வில்லை வடிவாக மிதந்து நிற்கும். இதற்கு ஒரு கணக்கும் உண்டு. கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓரடி உயர்ந்து நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பதடி ஆழத்துக்கு நன்னீர் இருக்கும். கேட்பதற்கு இனிமையான கணக்குத்தான். ஆனால் அதைத் திருப்பிப் பார்க்க வேண்டும். மேலே ஓரடி நீரை இறைத்து வற்றச் செய்தால், கீழேயிருந்து நாற்பதடி உப்பு ஏறிவரும். வாளியால் அள்ளிய காலத்தில் இந்த ஆபத்து மெதுவாகவே நடந்தது. இயந்திரம் வைத்து இறைக்கும் காலத்தில் ஒரு கோடையிலேயே நல்ல கிணறு உவர்க்கிணறு ஆகிவிடக்கூடும்.

இந்நிலத்துக்குத்தான் குதிரைகள் வந்தன. போர்த்துக்கேயர் கொணர்ந்தனர், ஒல்லாந்தர் இங்கே குதிரைகளைப் பெருக்கி வளர்க்கும் தொழிலை நடத்தினர். சுற்றிலும் கடல் இருக்கையில் வேலி எதற்கு? களவுபோகும் பயமும் குறைவு. ஆங்கிலேயர் காலத்திலும் இத்தொழில் சில காலம் நீடித்தது. 19ஆம் நூற்றாண்டின் முதற் காற்பகுதியிலே நோலன் என்னும் படையதிகாரி குதிரைகளுக்கும் தீவுக்கும் பொறுப்பாளராய் இருந்து, சிற்றரசன் போலவே நடந்துகொண்டார் என்பது வரலாறு. பின்னர் தொழில் கைவிடப்பட்டது. குதிரை லாயத்தின் கற்றூண்கள் இன்றும் நிற்கின்றன. குதிரைகள் பற்றைக்குட் புகுந்தன.

பிற்காலத்தார் இவற்றைப் பார்த்துக் குட்டைக் குதிரைகள் என்கின்றனர். வறண்ட புல்லையும் உவர்ப்பான நீரையும் தின்று குடித்து வாழ்ந்த பரம்பரைக்கு உடல் பெருக்க வழியேது? மாட்டுக்கு மேல்வாயின் முன்புறத்திலே பல் இல்லை. நாவாற் சுற்றிப் பறித்துத்தான் மேயும். குதிரைக்கோ மேலும் கீழும் வெட்டுப்பற்கள் உண்டு. ஆதலின் மாடு விட்டுச்சென்ற குறும்புல்லையும் அது அடியோடு கொறித்துவிடும். புல்லிலே இவ்வாறு சிக்கனம் காட்டும் குதிரை தண்ணீரிலே காட்ட முடியாது. வெயிற்காலத்தில் நாளொன்றுக்கு இருபது முதல் நாற்பது லீற்றர் வரை அதற்கு வேண்டும். தீவிலுள்ள குதிரைகள் பல நூறு. ஐந்நூறு என்றே கொண்டு, ஒவ்வொன்றுக்கும் இருபது லீற்றர் என்று சுருக்கிக் கணக்கிட்டாலும் நாளுக்குப் பதினாயிரம் லீற்றர் ஆகின்றது. மாசி பிறந்து ஐப்பசி வரும்வரை அந்த நீர் எங்கிருந்து வரும்? மழை பொய்த்த ஆண்டுகளிலே குட்டைகள் சேறாகி, சேறு வெடித்து, குதிரைகள் மடிந்து கிடந்த படங்களைச் செய்தித்தாள்களிற் கண்டிருக்கிறோம்.

ஒருமுறை நம் மாணாக்கர் சிலரை அழைத்துச் சென்றபோது, அரைமணி நேரம் நடந்த பின் ஒருவன், "சேர், பூங்கா எங்கே தொடங்குது?" என்று கேட்டான். அவன் பூங்காவின் நடுவிலே நின்றுகொண்டிருந்தான். உடன்வந்த தீவு முதியவர் ஒருவர் சிரித்துவிட்டு நம்மிடம், "மாஸ்ரர், வேலியும் பலகையும் போட்டால் குதிரை குடிக்குமோ? தண்ணியெல்லோ வேணும்" என்றார். நாம் வகுப்பில் ஒரு மணி நேரம் விரித்துரைத்திருக்கக்கூடிய பொருளை அவர் ஒரு மூச்சிற் சொல்லி முடித்துவிட்டார்.

ஆனால் 'தண்ணீர் வையுங்கள்' என்பது எங்கும் பொருந்தும் மருந்தன்று. இதனை அறிய அவுஸ்திரேலியா வரை சற்றுப் போய்வருதல் நலம். தென் அவுஸ்திரேலியாவிலே, மறே ஆற்றுக்கு வடக்கே, குளூபொட் என்றொரு காப்பகம் உண்டு. மழை பெய்தால் களிமண் பசைபோலக் காலைப் பிடிக்கும் என்பதாற் பசைச்சட்டி என்று பொருள்படும் அப்பெயர் வந்தது. ஏறத்தாழ 54,000 ஹெக்டேயர். நெடுந்தீவு முழுவதையும் பத்து மடங்காக்கி அதனுள் வைத்தாலும் இடம் மிஞ்சும். அங்குள்ள மரம் மல்லி எனப்படும் ஒருவகை யூக்கலிப்ரஸ். ஒற்றை அடிமரமாக எழாமல், மண்ணுக்குட் புதைந்த கிழங்கு போன்ற கட்டையிலிருந்து பல தண்டுகளாகக் கிளைத்து எழும். காட்டுத்தீ மேலேயுள்ளதை எரித்தாலும் கட்டை மீண்டும் துளிர்க்கும். அப்பற்றைகளில் வாழும் மல்லிக்கோழி முட்டைமேல் அமர்ந்து அடைகாப்பதில்லை. மணலையும் சருகையும் மேடாகக் குவித்து, சருகு மக்கும் சூட்டிலே முட்டையைப் பொரிக்க விடுகின்றது. சேவல் தன் அலகை மேட்டினுள் நுழைத்துச் சூடு பார்த்து, மண்ணைக் கூட்டியும் குறைத்தும் மாதக்கணக்காகக் காவல் நிற்கும். வறண்ட பற்றை என்றால் உயிரற்ற நிலமென்று எண்ணுவோர் அந்தச் சேவலைப் பற்றிச் சிறிது எண்ணிப் பார்க்கலாம்.

குளூபொட் முன்னர் ஆட்டுப்பண்ணை. 1997இலே பறவை ஆர்வலர் சங்கமொன்று பொதுமக்களிடம் நன்கொடை திரட்டி அதனை விலைக்கு வாங்கியது. தொண்டர்களே இன்றும் அதனைப் பராமரிக்கின்றனர். வாங்கியபின் அவர்கள் செய்த முக்கியமான வேலைகளுள் ஒன்று, ஆடுகளுக்காக வெட்டப்பட்டிருந்த நீர்க்குட்டைகளை மூடியது! காரணம் உண்டு. நிலையான தண்ணீர் இருந்தமையாற் கட்டாக்காலி ஆடுகளும் கங்காருகளும் பெருகிப் பற்றையைத் தின்றழித்தன. காதருகே கருமை படர்ந்த ஓர் அரிய தேனுண்ணிப் பறவை அங்கே வாழ்கின்றது. குட்டைகளைச் சுற்றி வெளியான நிலம் வழியாக அதன் உறவுப் பறவையொன்று உட்புகுந்து, அதனோடு கலந்து, அந்த இனத்தையே கரைத்துக்கொண்டிருந்தது. தண்ணீரை எடுத்ததுமே பற்றை தன் பழைய காவலைத் திரும்பப் பெற்றது.

அங்கே நீரை மூடுவது காவல். இங்கே நீரைக் காப்பது காவல். இரண்டும் முரணென்று தோன்றலாம். அங்குள்ள உயிர்கள் இலட்சக்கணக்கான ஆண்டுகளாக வறட்சியோடு ஒத்து வளர்ந்தவை. வெளியாரின் தண்ணீரே அவற்றுக்குப் பகையாயிற்று. நெடுந்தீவின் குதிரையோ மனிதன் கொண்டுவந்து, மனிதன் தோண்டிய துரவையும் கேணியையும் நம்பி வாழப் பழகிய விலங்கு. மக்கள் தொகை குறைந்து பழைய நீர்நிலைகள் தூர்ந்தால் முதலில் விழுவது அதுவே.

அந்நிய விலங்கைக் காப்பதா என்ற வழக்கு உலகமெங்கும் உண்டு. அதே அவுஸ்திரேலியாவிலே கொசியஸ்கோ மலைப் பூங்காவிற் காட்டுக்குதிரைகளை மரபுச் செல்வமென்று காக்க 2018இலே சட்டம் செய்தனர். அவை பெருகி மலைச்சேற்று நிலங்களை மிதித்தழிக்கின்றன என்று 2023இலே வானிலிருந்து சுட்டுக் குறைக்கவும் அனுமதித்தனர். இடையிலே ஐந்தே ஆண்டுகள்! பாக்குநீரிணைக்கு அப்பால் நமது கோடியக்கரைக்கும் இச்சிக்கல் உண்டு. 1967இலே வெளிமான்களுக்காகச் சரணாலயமாக்கப்பட்ட அவ்விடத்திலும் கட்டாக்காலிக் குதிரைகள் மேய்கின்றன. மானுக்கும் குதிரைக்கும் வேண்டுவது ஒரே குறும்புல். போதாததற்குச் சீமைக்கருவேலம் புல்வெளியை விழுங்குகின்றது. அதன் காயைத் தின்னும் கால்நடைகள் சாணத்தோடு விதையையும் எங்கும் சேர்க்கின்றன. அங்கே குதிரைக்குப் பரிந்து பேசுவோர் வெளிமானுக்கு விடை சொல்ல வேண்டும்.

நெடுந்தீவிலே குதிரையோடு போட்டியிடும் காட்டுமான் கூட்டம் இல்லை. போட்டியிடுவன தீவாரின் மாடும் ஆடும். ஆகவே இங்கே வழக்கு விலங்குக்கும் விலங்குக்கும் இடையிலன்று. பூங்காவுக்கும் அதன் அயலில் வாழும் சில ஆயிரம் மக்களுக்கும் இடையிலேதான் எழக்கூடும். நம் நாட்டுச் சட்டத்தின்படி சரணாலயம் வேறு, தேசியப் பூங்கா வேறு. சரணாலயத்திலே தனியார் காணியும் அடங்கலாம்; குடியிருப்பும் தொழிலும் தொடரலாம். தேசியப் பூங்கா அரச நிலத்தில் மட்டுமே அமையும். உட்புகுவதற்கே அனுமதி வேண்டும். பாட்டன் காலத்திலிருந்து மாசி மாதத்தில் மாட்டை ஓட்டிச்சென்ற வெளி ஒரு நாள் வர்த்தமானியாற் பூங்காவாகிவிட்டால், மாட்டுக்காரன் அந்தக் கோட்டை எப்படிக் காண்பான்? வனசீவராசிகள் திணைக்களத்தார் கோட்டைக் கல்லில் வரைவதோடு அவன் மனத்திலும் வரைய வேண்டியிருக்கும். எந்தக் குட்டையில் மாடு குடிக்கலாம், எந்த மாதத்தில் எந்த வெளி மேயலாம் என்பதை அவனோடு அமர்ந்து பேசியே முடிவு செய்வது நல்லது. அவனைப் பகைத்துக்கொண்டு அந்தப் பற்றையைக் காக்க எத்தனை காவலரை அமர்த்த முடியும்?

தண்ணீர் வேலைக்கும் இத்தீவார் புதியவர்கள் அல்லர். யாழ்ப்பாணத்துப் பழைய தெருக்களில் மடமும் சுமைதாங்கியும் கேணியும் ஆவுரஞ்சிக் கல்லும் ஓரிடத்திலே சேர்ந்திருக்கக் காண்கிறோம். நடந்து களைத்த மனிதனுக்கு நிழல், சுமைகாரனுக்குத் தோள் ஆறுதல், மாட்டுக்குத் தண்ணீர், தினவெடுத்த அதன் உடம்புக்கு உரஞ்ச ஒரு கல்! மாட்டின் முதுகு அரிப்பைக் கூட அறக்கணக்கிலே சேர்த்த முன்னோர் நம் முன்னோர். தீவிலே இன்று வேண்டுவதும் பெரிய கட்டடமன்று. மாரி தொடங்குமுன் பழைய குட்டைகளைத் தூர்வாருதல். கிணற்றருகே தொட்டிகளைப் பழுதுபார்த்தல். இயந்திர இறைப்புக்கு ஓர் அளவு வைத்தல். தொட்டிகளை ஓரிடத்திற் குவித்து வைத்தால் அவ்விடத்துப் புல் மிதிபட்டு அழியும் என்பதைக் குளூபொட்டார் பட்ட பாட்டிலிருந்து அறியலாம். பரவலாக வைக்க வேண்டும். குதிரைகளின் தொகையை ஆண்டுதோறும் ஒரே மாதத்தில், ஒரே முறையில் எண்ணவும் வேண்டும். இரக்கத்தால் நீர் வார்த்துக்கொண்டே போய், பெருக்கத்தாற் புல் போதாமற் குதிரைகள் பட்டினியாவதும் நடக்கக்கூடியதே.

குதிரையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் பூங்காவின் மற்றக் குடிகளுக்கு அநீதி செய்தவராவோம். நம் நாட்டின் ஈரவலயத்து மாணாக்கர் காணாத பறவைகள் யாழ்ப்பாணம், மன்னார் வறண்ட கரைகளிலே உண்டு. கௌதாரியின் குரலை விடியற்காலையிற் கேட்கலாம். இரட்டைவாற் கரிக்குருவியைக் கம்பியிற் காணலாம். வாடை தொடங்கும்போது வடதேசங்களிலிருந்து வரும் கரைப்பறவைகள் ஆழமற்ற களப்புகளில் இரைதேடும். நெடுந்தீவிலே ஆபிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட பெருக்க மரமும் ஒன்றுண்டு; அராபிய வணிகர் கொண்டுவந்தது என்பர். அதன் பொந்தினுள்ளே ஆட்கள் நிற்கலாம். கோடையில் இலையனைத்தையும் உதிர்த்துவிட்டு, பருத்த அடிமரத்திலே தேக்கிய நீரைக் கொண்டு மழைவரும்வரை தாக்குப்பிடிக்கும் அம்மரமும் ஒரு வந்தேறிதான். குதிரையையும் அதனையும் ஒருங்கே பார்க்கும்போது, தாவரம் தண்ணீரைத் தன் உடம்பிலே சேமிக்கக் கற்றது, விலங்கு கற்கவில்லை என்று மாணாக்கருக்குச் சொல்வது வழக்கம்.

போக விரும்புவோர் தை, மாசி மாதங்களிற் போதல் நன்று. மழைநீர் குட்டைகளிலே இருக்கும், புல் பசுமையாயிருக்கும், கடலும் பொறுத்துக்கொள்ளும். பூங்காவினுட் செல்வதற்குரிய அனுமதியை முன்கூட்டியே விசாரித்துக்கொள்க. குடிநீரைக் கையோடு கொண்டுபோக வேண்டும். தீவின் கிணற்றிலே ஒரு குடம் மிச்சமாகும். வெற்றுப் போத்தல்களை மறவாமல் திரும்பக் கொண்டுவருக. குதிரைக்கு பாணோ பிஸ்கற்றோ நீட்ட வேண்டாம். அது வாங்கவும் மாட்டாது, ஐம்பது முழத்துக்கு அப்பாலேயே நின்று உங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கூட்டத்தோடு திரும்பிவிடும். குறிகட்டுவானுக்கு மீளும் கடைசிப் படகு எத்தனை மணிக்கென்று இறங்கியவுடனேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.